எதனோடு ஒப்பிட்டார்கள்? – குடல்நோயோடு வாழும் ஒஸ்லோத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்



பெருங்குடல் அழற்சி, குரோன்ஸ் நோய், சீலியாக் நோய், அல்லது பரிசோதனை முடிவுகள் எல்லாம் சரியாக இருந்தும் வயிறு மட்டும் சொல்வழி கேளாத ஐ.பி.எஸ். ஆகியவற்றில் ஏதோ ஒன்றோடு ஒஸ்லோவிலும் அதன் அயலிலும் வாழ்கிற தமிழர்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். வயிற்றுக் கோளாறு நம்மிடையே வெளியில் பேசப்படுவதில்லை. கலியாண வீட்டில் சாப்பிடாமல் இருக்க ஒரு சாட்டு, வேலையிடத்தில் அடிக்கடி எழுந்து போக இன்னொரு சாட்டு என்று மறைத்தே காலம் போகிறது. அப்படி மறைத்து வாழ்கிறவர்களிடம்தான் குடற்சுவரை ஆற்றிக் கொடுக்கும் பெப்டைட் என்ற விளம்பரம் இலகுவாகப் போய்ச் சேர்கிறது. பி.பி.சி-157 என்ற பெயரில் குளிசையாகவும், நாக்கின் கீழ் விடும் துளியாகவும், ஊசிக்குக் கரைக்கும் தூளாகவும் அது இணையத்தில் விற்கப்படுகிறது. அதை வாங்கலாமா என்று கேட்பதற்கு முன்னால், அது வேலை செய்கிறது என்பது எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும். குடல்நோயில் இதைக் கண்டறிய நம்பத்தக்க வழி ஒன்றே: எடுத்தவர்களை எடுக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அந்த ஒப்பீடு இந்தப் பொருளுக்கு இன்னும் நமக்குக் கிடைக்கவில்லை என்பதே என் வாதம்.

பெப்டைட் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அமினோ அமிலங்கள் சில கோத்த குறுஞ்சங்கிலிதான் பெப்டைட். இன்சுலின் அந்த வகையைச் சேர்ந்தது. குடலுக்கென்றே உருவாகி அங்கீகாரம் பெற்ற பெப்டைட் மருந்துகளும் உண்டு. லினாக்ளோடைட் 14 அமினோ அமிலங்கள் கொண்டது. வாயால் விழுங்குவது. இரத்தத்தில் அநேகமாகக் கலக்காமல் குடலின் உட்சுவரிலேயே வேலை செய்கிறது. மலச்சிக்கலோடு கூடிய ஐ.பி.எஸ். நோய்க்காக அதை ஏறத்தாழ 800 பேர் வீதம் இரண்டு பெரிய ஆய்வுகளில் பரீட்சித்தார்கள். குறித்த அளவு முன்னேற்றம் கண்டவர்கள் மருந்தெடுத்தோரில் 34 வீதம். மருந்துபோலவே தோன்றும் வெறும் குளிசையை, அதாவது பிளசீபோவை, எடுத்தோரில் ஓர் ஆய்வில் 21 வீதம், மற்றதில் 14 வீதம். 2012இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதை ஏற்றுக்கொண்டன. குடலின் பெரும்பகுதியை இழந்து நாளம் வழியே உணவு ஏற்றி வாழ்பவர்களுக்கான டெடுக்ளுடைட் என்ற ஊசி மருந்தும் அதே ஆண்டு அங்கீகாரம் பெற்றது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 86 பேர் மட்டுமே. ஆனாலும் நாளவழி உணவின் தேவை ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தவர்கள் மருந்துப் பிரிவில் 63 வீதம், பிளசீபோப் பிரிவில் 30 வீதம். ஆகவே குடலில் பெப்டைட் வேலை செய்யக்கூடும். அதை நிறுவவும் முடியும். அதற்கு ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்பதும் இல்லை. வேண்டியது ஒப்பிட்டுப் பார்த்து, வந்த முடிவை வெளியிடும் மனம்.

இனி பி.பி.சி-157. இது 15 அமினோ அமிலங்களின் சங்கிலி. குரோவேஷியாவின் சாக்ரெப் பல்கலைக்கழகத்தில் பிரெட்ராக் சிகிரிச் தலைமையிலான குழு 1990களின் தொடக்கம் முதல் இதைப் பற்றி எழுதி வருகிறது. மனித இரைப்பைச் சாற்றிலுள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று அந்தக் குழு சொல்கிறது. ஆனால் விற்பனைக்கு வருவது ஆய்வுகூடத்தில் செயற்கையாகக் கோத்தது. எலிகளில் இரைப்பைப் புண், பெருங்குடல் அழற்சி, குடலை வெட்டித் தைத்த இடம், தசைநார், எலும்பு, ஈரல் என்று எதைச் சேதப்படுத்திப் பார்த்தாலும் இது ஆற்றுகிறது என்கின்றன அந்தக் கட்டுரைகள். அவற்றின் எண்ணிக்கை பெரிது. ஆனால் மிகப் பெரும்பாலானவை ஒரே குழுவிலிருந்து வந்தவை. தாய்வானிலும் சீனாவிலும் வேறு குழுக்கள் சில ஆய்வுகளைச் செய்திருக்கின்றன என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். அவை தசைநார்க் கலங்கள், விலங்குகளில் நச்சுத்தன்மை, உடலில் அது தங்கும் நேரம் ஆகியவை பற்றியவை. 2022இல் வெளியான சீன ஆய்வின்படி எலியிலும் நாயிலும் இதன் அரைவாழ்வுக் காலம் அரை மணி நேரத்துக்கும் குறைவு. மனிதர் பக்கம் வந்தால் கையில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம்: முழங்கால் வலியில் ஊசி போட்டவர்களைப் பின்னோக்கி விசாரித்த ஒரு கட்டுரை, சிறுநீர்ப்பை வலியுள்ள 12 பெண்களில் ஒன்று, இரண்டே பேருக்கு நாளத்தில் ஏற்றிப் பார்த்த ஒன்று. மூன்றிலும் பிளசீபோப் பிரிவு இல்லை. மூன்றுமே குடல்நோயைப் பற்றியவை அல்ல. குடலுக்கு நல்லது என்று விற்கப்படும் ஒரு பொருளுக்கு, குடல்நோயுள்ள மனிதரில் ஒப்பிட்டுச் செய்து முழுமையாக வெளியிட்ட ஆய்வு ஒன்றுகூட இல்லை.

"எடுத்தவர்களுக்குச் சுகம் வந்ததே, அது சான்று இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். குடல்நோயில் அது மிகப் பலவீனமான சான்று. இதை இந்த நாட்டின் ஆய்வுகளே காட்டுகின்றன. வடநோர்வேயின் ஹார்ஸ்டாட் வைத்தியசாலையில் ஐ.பி.எஸ். உள்ள 90 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஆரோக்கியமான வேறொருவரின் மலத்தையும், மறுபகுதியினருக்கு அவரவர் சொந்த மலத்தையும் குழாய் வழியே பெருங்குடலில் செலுத்தினார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. 2018இல் வெளிவந்த முடிவின்படி மூன்று மாதம் கழித்து முதற் பிரிவில் 65 வீதமானோர் தேறியிருந்தார்கள். தம்முடைய மலமே திரும்பக் கிடைத்த பிரிவிலும் 28 பேரில் 12 பேர், அதாவது 43 வீதமானோர், தேறியிருந்தார்கள். அந்த 12 பேரும் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய வயிறு உண்மையாகவே இலகுவானது. ஆனால் அதைச் செய்தது உள்ளே போன பொருள் அல்ல. அவர்கள் அன்று ஒரு பெப்டைட்டை எடுத்திருந்தால் இன்று அதற்குச் சாட்சியாக நின்றிருப்பார்கள். பெருங்குடல் அழற்சியிலும் இதே சிக்கல் உண்டு. 1990 முதல் 1993 வரை நோர்வேயின் தென்கிழக்கில் நோய் கண்டறியப்பட்டவர்களை இப்சென் என்ற ஆய்வு ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தது. பத்தாண்டு முடிவில் பெருங்குடல் அழற்சியாளர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் நோய், தொடக்கத்தில் கடுமையாக இருந்து பிறகு தணிந்த பாதையிலேயே போயிருந்தது. கூடுவதும் குறைவதும் இந்த நோயின் இயல்பு. யாரும் வயிறு நன்றாக இருக்கும் கிழமையில் புது மருந்து தேடிப் போவதில்லை. தாங்க முடியாத கட்டத்தில்தான் பணம் கட்டுகிறோம். அதற்குப் பிறகு நோய் தானாகத் தணியும்போது, காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகப் புகழ் குப்பிக்குப் போகிறது. சுகம் வராதவர்கள் பேசாமல் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுடைய கதையை யாரும் பகிர்வதில்லை.

ஒப்பீடு என்பது எவ்வளவு ஈவிரக்கமற்றது என்பதை லாரசோடைட்டின் கதையில் பார்க்கலாம். வாந்திபேதிக் கிருமி சுரக்கும் ஒரு நச்சைத் தொடர்ந்து போய் அதிலிருந்து வடித்தெடுத்த, 8 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைட் அது. குடற்கலங்களுக்கு இடையிலான இணைப்புகளை இறுக்கி, குளுட்டன் உள்ளே கசியாமல் தடுக்கும் என்பது எதிர்பார்ப்பு. கோட்பாடு அழகானது, விலங்குச் சோதனைகளும் நம்பிக்கை தந்தன. குளுட்டனைத் தவிர்த்தும் தொல்லை தீராத 342 சீலியாக் நோயாளிகளில் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அதில் மிகக் குறைந்த அளவான அரை மில்லிகிராம் மட்டும் பிளசீபோவை வென்றது. ஒன்றும் இரண்டும் மில்லிகிராம் எடுத்தவர்களுக்குப் பிளசீபோவை விட எதுவும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அளவு கூடப் பலன் மறைவது விந்தைதான் என்றாலும் மூன்றாம் கட்டத்துக்குப் போனார்கள். 2022 ஜூனில் இடைக்காலக் கணக்கெடுப்பைப் பார்த்தபோது, வித்தியாசத்தைக் காட்டுவதற்கே தாங்க முடியாத அளவு ஆட்கள் தேவைப்படும் என்று தெரிந்தது. ஆய்வு அத்தோடு நின்றது. மனிதச் சான்றில் லாரசோடைட் பி.பி.சி-157ஐ விட எவ்வளவோ முன்னால் இருந்தது. அப்படிப்பட்ட ஒன்றே பரீட்சையில் இப்படி நின்றுபோனது என்றால், பரீட்சைக்கே வராத ஒன்றின் மேல் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்குப் பலரும் சொல்லும் மறுப்பு, காப்புரிமை கிடைக்காத மலிவான பொருளைப் பெரிய நிறுவனங்கள் ஆராய மாட்டா என்பது. மருந்துச் சந்தையில் அப்படியான அநியாயங்கள் உண்டு. ஆனால் இந்தக் கதையில் நடந்தது வேறு. குரோவேஷியாவின் பிளிவா நிறுவனம் இதைக் கையில் எடுத்து, பெருங்குடல் அழற்சிக்கு ஆசனவாய் வழியே செலுத்தும் மருந்தாக இரண்டாம் கட்ட ஆய்வு வரை கொண்டுபோனது. முழு முடிவு எந்த ஆய்விதழிலும் வெளிவரவில்லை. 2015இல் 42 ஆரோக்கியமானவர்களில் செய்யவென முதற்கட்ட ஆய்வு ஒன்று பதிவானது. அதன் முடிவும் வெளிவரவில்லை. ஆக, பணம் போட ஆள் இருந்திருக்கிறது. வெளியே வராதது விடைதான். நிறுவனங்களை நம்பித்தான் ஆய்வு நடக்க வேண்டும் என்பதும் இல்லை. பெருங்குடல் அழற்சிக்கும் குரோன்ஸ் நோய்க்கும் தரப்படும் இன்ஃபிளிக்சிமாப் மருந்துக்கு மலிவான ஒத்த மருந்து வந்தபோது, அது ஏற்கெனவே அங்கீகாரம் பெற்றிருந்தும், நோயாளிகளை இடையில் மாற்றலாமா என்று தெரிந்துகொள்ள நோர்வே அரசே பணம் கொடுத்தது. ஒஸ்லோவின் டியாகோன்யெம்மே வைத்தியசாலை முன்னின்று நடத்திய அந்த நோர்-ஸ்விட்ச் ஆய்வில் 482 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஓராண்டில் நோய் கூடியது பழைய மருந்தில் 26 வீதம், ஒத்த மருந்தில் 30 வீதம்; முன்கூட்டியே வகுத்த எல்லைக்குள் அந்த வேறுபாடு அடங்கியது. 2017இல் முடிவு வெளிவந்தது. அநேகமாக ஒரே மருந்தாக இருந்த ஒன்றை மாற்றுவதற்கே இந்த நாடு இவ்வளவு நிதானித்தது.

அடுத்த மறுப்பு, பலன் இல்லாவிட்டாலும் பாதகம் இல்லையே என்பது. விலங்குகளில் பெரிய நச்சுத்தன்மை தென்படவில்லை என்பது உண்மை. அதே நேரம், இந்தப் பொருள் புண்ணை ஆற்றுவதாகச் சொல்லப்படும் வழிகளில் முக்கியமானது புதிய இரத்தக் குழாய்களை முளைக்கச் செய்வது. கட்டிகள் வளர்வதற்கும் இரத்தக் குழாய்கள் தேவை. பெருங்குடல் அழற்சி நீண்ட காலம் இருந்தவர்களுக்குப் பெருங்குடற் புற்றுநோய் அபாயம் கூடுதல் என்பதால்தான் அவர்களை இடைக்கிடை அழைத்துக் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். பி.பி.சி-157 புற்றுநோயைத் தரும் என்று நான் சொல்லவில்லை; அதற்குச் சான்று இல்லை. தராது என்பதற்கும் மனிதரில் சான்று இல்லை. உண்மையாகவே குடலை வளர்க்கும் டெடுக்ளுடைட்டைத் தொடங்குமுன் பெருங்குடலில் முளைகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள், பிறகும் கண்காணிக்கிறார்கள். ஒரு பெப்டைட் விளம்பரம் சொல்வதைப்போல அவ்வளவு வல்லமையோடு வேலை செய்யுமானால், அதே கண்காணிப்பு அதற்கும் வேண்டும். வேலை செய்யாது என்றால் வாங்கத் தேவையில்லை. சின்னதாக இருப்பதால் அது அப்பாவி என்றும் நினைக்க வேண்டாம். பெப்டைட் எல்லாம் வயிற்றில் செரித்துப் போய்விடும் என்று சிலர் கேலி செய்வதும் சரியல்ல. புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த சில துண்டுகள் செரிமானத்துக்குத் தப்பிவிடும். குளுட்டனிலிருந்து வரும் துண்டுகள் அப்படித் தப்புபவை. எச்.எல்.ஏ-டி.கியூ2 என்ற மரபு வகை உள்ளவர்களின் நோயெதிர்ப்புக் கலங்கள் அவற்றைக் கண்டு குடலையே தாக்குவதுதான் சீலியாக் நோய். அந்த மரபு வகையின் பங்கை 1989இல் எடுத்துக் காட்டியது இதே ஒஸ்லோவில் லுட்விக் சொல்லிட் இருந்த குழு. தப்பிப் பிழைக்கும் பெப்டைட் நன்மையும் செய்யலாம், நோயையும் மூட்டலாம்.

குப்பியையும் கொஞ்சம் கிட்டப் பிடித்துப் பாருங்கள். பல குப்பிகளில், ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல என்று சிறிய எழுத்தில் இருக்கும். விற்பவர் தன் பொறுப்பைக் கழற்றிவிடும் இடம் அதுதான். 99 வீதம் தூய்மை என்று ஒரு சான்றிதழையும் இணைத்து அனுப்புவார்கள். அது உண்மையாகவே இருந்தாலும், பரிசோதித்த மாதிரியில் இருந்த பெப்டைட்டின் பங்கை மட்டுமே அது சொல்கிறது. உங்கள் கையிலுள்ள குப்பி கிருமியற்றதா, பாக்டீரியாவின் நச்சு எச்சம் அதில் இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. ஊசியாகப் போட்டால் அந்தக் கேள்விகளே முதன்மையானவை. 2023இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கலவை மருந்தகங்கள் பயன்படுத்தினால் பாதுகாப்பு அபாயம் தரக்கூடிய பொருள்களின் பிரிவில் இதைச் சேர்த்தபோது, நோயெதிர்ப்பு எதிர்வினை, கலப்படத் துணுக்குகள், போதாத பாதுகாப்புத் தகவல் ஆகியவற்றைக் காரணம் காட்டியது. இப்படியான பட்டியல்கள் அரசியல் காற்றோடு மாறலாம். பட்டியலில் இடம் மாறுவது புதிய ஆய்வு வந்ததாக ஆகாது. நோர்வேயில் ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து தனியாள் தபாலில் மருந்து வருவிக்க அனுமதி இல்லை. உணவுத் துணைப்பொருள் என்ற பெயரில் விற்றால், நோயைத் தீர்க்கும் என்று சொல்லவே சட்டம் இடம் தராது. உங்கள் பிள்ளைகள் கழகங்களில் விளையாடுகிறார்கள் என்றால் இன்னொன்றும் உண்டு: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022 முதல் பி.பி.சி-157ஐப் பெயர் குறிப்பிட்டே தடை செய்திருக்கிறது.

இவற்றை எல்லாம் விடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. "குடும்ப வைத்தியர் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார், விசேட வைத்தியரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், நோவைச் சரியாகச் சொல்ல மொழி வருவதில்லை, நாங்கள் வேறு எங்கே போவது?" இந்தக் குறை நியாயமானது. வைத்தியத்துறை விட்ட இடைவெளியில்தான் விற்பவர் கடை போடுகிறார். ஆனால் இடைவெளி இருக்கிறது என்பது, அதில் வைக்கப்பட்ட பொருள் நல்லது என்பதற்குச் சான்றாகாது. அந்தப் பத்து நிமிடத்திலும் கேட்டுப் பெறக்கூடியவை உண்டு. முதலாவது கல்புரொடெக்டின் பரிசோதனை. வெள்ளணுக்களிலுள்ள இந்தப் புரதத்தை 1980இல் விவரித்தவர் ஒஸ்லோவின் மக்னே பாகர்ஹோல். அதை மலத்தில் அளக்கும் முறையை 1992இல் வெளியிட்டது ஒஸ்லோவின் ஆகர் வைத்தியசாலையைச் சேர்ந்த ஆர்னே ரோசெத்தும் கூட்டாளிகளும். இன்று உலகமெங்கும் குடல் வைத்தியர்கள் நம்பியிருக்கும் அந்த அளவுகோல் இந்த நகரத்தில் பிறந்தது. சிறு குப்பியில் கொஞ்சம் மலம் எடுத்துக் கொடுத்தால் போதும். கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு; நூற்றுக்கணக்கில் ஏறினால் தொடர்ந்து தேட வேண்டும். வயிறு இலகுவாக இருக்கிறது என்ற உணர்வும் அழற்சி அடங்கியது என்ற உண்மையும் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை. உணர்வு தேறி, அழற்சி மட்டும் உள்ளே எரிந்துகொண்டிருந்தால், சுகம் என்ற நம்பிக்கையிலேயே குடல் பழுதாகும். இரண்டாவது, சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை. கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே அதைச் செய்விக்க வேண்டும், நிறுத்திய பின் முடிவை நம்ப முடியாது. மூன்றாவது பால். தென்னாசிய வழியில் வந்த வளர்ந்தவர்களில் பலருக்குப் பாற்சர்க்கரை செரிப்பதில்லை. பாலும் பழுப்புச் சீஸும் நாளாந்த உணவாகிவிட்ட நாட்டில் இது பெரிய விடயம். இரண்டு கிழமை பாலை விட்டுப் பார்க்கச் செலவே இல்லை. மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மலத்தைப் பற்றிப் பேச வைக்கத் தேவையில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, என் கருத்து எப்போது மாறும் என்பதையும் சொல்வதுதான் நியாயம். சாக்ரெப்போடு தொடர்பில்லாத ஒரு குழு, பெருங்குடல் அழற்சி உள்ள நூறு பேரையாவது குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பி.பி.சி-157, மறு பகுதிக்குப் பிளசீபோ கொடுத்து, சில மாதம் கழித்து அவர்கள் சொல்வதோடு கல்புரொடெக்டினையும், குழாய் விட்டுப் பார்த்த குடலின் நிலையையும் சேர்த்து வெளியிடட்டும். மருந்துப் பிரிவு தெளிவாக முந்தியிருந்தால், இந்த மடலில் சொன்னதற்கு நேர்மாறாக எழுதுவேன். அப்படியொன்றை நடத்த 30 ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்திருக்கிறது. அதுவரை, யாராவது உங்களுக்கு ஒரு குப்பியையோ இணைப்பையோ அனுப்பினால், எத்தனை பேருக்குச் சுகம் வந்தது என்று கேட்காதீர்கள். எதனோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது குப்பியையும் கொண்டுபோய், எவ்வளவு, எத்தனை நாளாக என்பதைச் சொல்லுங்கள். அதை நம்பி மெசலாசினையோ வேறு மருந்தையோ நிறுத்தியிருந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் இந்தக் கிழமையே தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள்.

அன்புடனும் அக்கறையுடனும்,
உங்கள் ஒஸ்லோ உறவு ஒருவர்